கைகளைக் காணாத காவல்

இணையத்தில் பலர் கூடி ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிப்பதற்காக நிறுவப்பட்டிருக்கும் மென்பொருள் காவல், ஆட்டக்காரரை ஒருபோதும் பார்ப்பதில்லை. அவருடைய கருவியிலிருந்து வந்து சேரும் குறிப்புகளின் வரிசையை மட்டுமே பார்க்கிறது. எந்தப் பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது, குறி எவ்வளவு தூரம் நகர்ந்தது, இரண்டு அழுத்தல்களுக்கு நடுவே எத்தனை மில்லிவிநாடிகள் கழிந்தன என்பவற்றைக் கொண்டே ஆடுபவர் நேர்மையானவரா இல்லையா என்று அது முடிவு செய்கிறது. இரண்டு கைகளும் பத்து விரல்களும் தடையின்றி இயங்கும் ஒருவரின் ஆட்டம் எப்படி இருக்கும் என்ற அளவுகோல் அந்த முடிவுக்குள் பொதிந்திருப்பதால், அந்த அளவுகோலுக்குள் அடங்காத உடலோடு ஆட வருபவரும் ஏமாற்றுகிறவர் விட்டுச்செல்லும் தடயங்களையே சில வேளைகளில் விட்டுச்செல்கிறார். 2023ஆம் ஆண்டில் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து எடுத்த நடவடிக்கைகள், அதுவரை மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்கள் மட்டுமே அறிந்திருந்த இந்தச் சிக்கலை எல்லோர் கண்ணிலும் படும்படி செய்தன.

நடுவில் அமரும் பெட்டி

கன்சோல் எனப்படும் விளையாட்டுக்கான தனிக் கணினிகள், அதாவது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன் போன்றவை, பொதுவாகத் தத்தம் நிறுவனம் ஒப்புதல் அளித்த கன்ட்ரோலர்களையே ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டுவதற்காகக் கன்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகப்படும் அடாப்டர்கள் பல ஆண்டுகளாகச் சந்தையில் உள்ளன. க்ரோனஸ் ஜென், எக்ஸ்ஐஎம் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பெட்டி, ஒருபுறம் வரும் குறிப்புகளை வாங்கி, வேண்டியபடி மாற்றி, ஒப்புதல் பெற்ற கன்ட்ரோலர் ஒன்றே அவற்றை அனுப்புவதாகக் கன்சோலை நம்பவைக்கிறது.

ஏமாற்றுவோருக்கு இது இரண்டு வழிகளில் பயன்படுகிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டுகளில் தொடர்ந்து சுடும்போது குறி மேல்நோக்கி எகிறுவது வழக்கம். ரீகாயில் எனப்படும் இந்த எகிறலை விரலால் அடக்கக் கற்பதே ஆட்டத் திறமையின் பெரும்பகுதி. பெட்டிக்குள் எழுதிவைத்த ஒரு சிறு நிரல் எகிறலுக்குச் சரியாகக் குறியைக் கீழே இறக்கிவிடுமானால் பல மாதப் பயிற்சியின் பலன் கடையில் வாங்கும் சரக்காகிவிடுகிறது. மற்றொன்று, கன்ட்ரோலரின் சிறு குச்சியைக் கட்டைவிரலால் தள்ளிக் குறிவைப்பது கடினம் என்பதற்காக விளையாட்டே தரும் எய்ம் அசிஸ்ட் என்ற குறியுதவியை, மவுஸ் வைத்து ஆடுகிறவர் கன்ட்ரோலர்காரராக வேடமிட்டுப் பெற்றுக்கொள்வது. ஒரு மோதல் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும் ஆட்டங்களில் இவை சில்லறை மோசடிகள் அல்ல. தோற்றவர் தாம் ஏன் தோற்றோம் என்றே அறிய முடியாத நிலையில் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவதால் நிறுவனங்களின் கவலையில் நியாயம் இருக்கிறது.

ஆகவே 2023இன் முதற்பாதியில் யூபிசாஃப்ட் நிறுவனம் தன் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' விளையாட்டில் 'மவுஸ்டிராப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடாப்டர் வழியே மவுஸ் புகுந்திருப்பதாகக் கண்டால், ஆட்டக்காரரை வெளியேற்றுவதற்குப் பதிலாக அவருடைய அசைவுகள் தாமதமாகச் சென்று சேரும்படி செய்து, ஏமாற்றிப் பெற்ற பலனைக் கரைத்துவிடுவது அதன் முறை. அதே ஆண்டு ஏப்ரலில் ஆக்டிவிஷன், 'கால் ஆஃப் டூட்டி' விளையாட்டுகளைக் காக்கும் 'ரிகோஷே' மென்பொருள் இத்தகைய பெட்டிகளையும் இனிக் கண்டறியும் என்று அறிவித்தது. உடற்குறைபாட்டின் காரணமாக மட்டுமே இவற்றைப் பயன்படுத்துவோர் தங்கள் இலக்கு அல்லர் என்றும், ரீகாயிலை அடக்குவது போன்ற செயல்களுக்குப் பயன்படுத்தினால் யாராயினும் தண்டனைக்கு உள்ளாகலாம் என்றும் அந்த அறிவிப்பு ஒரு வேறுபாட்டைச் சொல்லிவைத்தது.

சொல்வது எளிது. கழுத்துக்குக் கீழே இயக்கமற்ற ஒருவர், குவாட்ஸ்டிக் என்ற வாய்வழிக் கருவியால் ஆடுவதை எண்ணிப் பார்க்கலாம். உதடுகளால் தள்ளும் ஒரு குச்சியும், உறிஞ்சுவதையும் ஊதுவதையும் பொத்தான் அழுத்தல்களாக மாற்றும் துளைகளும் கொண்ட அந்தக் கருவியை, சில கன்சோல்கள் நேரடியாக ஏற்காதபோது நடுவில் ஓர் அடாப்டரைச் செருகியே ஆக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டிய இடத்தில், ஒருமுறை ஊதினால் இரண்டும் அழுந்தும்படி நிரல் எழுதிக்கொள்வதும் அவருக்கு ஆடுவதற்கான அடிப்படைத் தேவை. காவல் மென்பொருள் காண்பதோ, ஒப்புதலற்ற ஒரு பெட்டியையும், மனித விரல்களுக்கு இயலாத துல்லியத்தோடு ஒரே கணத்தில் வந்துசேரும் இரண்டு அழுத்தல்களையும்தான்.

கன்சோலுக்கு வெளியே, சாதாரணக் கணினியிலும் நிலைமை வேறல்ல. விண்டோஸ் இயங்குதளம், விசைப்பலகையிலிருந்தோ மவுஸிலிருந்தோ நேரடியாக வரும் அசைவையும் இன்னொரு மென்பொருள் உருவாக்கி அனுப்பும் அசைவையும் பிரித்தறியும்படி, இரண்டாவது வகையின்மேல் ஓர் அடையாளத்தைப் பதித்துவிடுகிறது. மனிதரின்றித் தானே ஆடும் போட் நிரல்களைப் பிடிக்க அந்த அடையாளம் நல்ல துப்பு என்பது உண்மை. ஆனால் பேச்சைக் கேட்டு விசைகளை அழுத்தும் குரல்கட்டளை மென்பொருளும், விழியசைவைக் குறியசைவாக்கும் மென்பொருளும் பெரும்பாலும் அதே வழியாகத்தான் தம் அசைவுகளை அனுப்புகின்றன. பேசி ஆடுகிறவரும் ஆளே இல்லாத நிரலும் காவலின் பார்வையில் ஒன்றாகிவிடுவது எவருடைய தீய எண்ணத்தாலும் அல்ல. யாரைப் பார்க்க வேண்டும் என்று வடிவமைப்பின்போது எவரும் கேட்டுக்கொள்ளாததால்.

கொடுத்த கையே தடுத்தபோது

2023இன் மிகப் பெரிய அதிர்ச்சி, இத்துறையில் அதிகம் செய்திருந்த நிறுவனத்திடமிருந்தே வந்தது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பெருநிறுவனம் செய்த கருவிகளுள் பெரும் திருப்பம் என்று சொல்லத்தக்கது. இரண்டு பெரிய வட்டப் பொத்தான்களை முகப்பில் கொண்ட அந்தத் தட்டையான பலகையின் பின்புறத்தில் 3.5 மி.மீ. அளவுள்ள 19 துளைகள் வரிசையாக இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப்பொத்தான்கள் நெடுங்காலமாகவே அந்த அளவு முனையோடு விற்கப்படுவதால், முழங்கையாலோ தலையாலோ பாதத்தாலோ அழுத்தும் பொத்தான் எதையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல்எஃபெக்ட் ஆகிய தொண்டு அமைப்புகளின் ஆலோசனையோடு உருவான அக்கருவியின் விலை ஏறத்தாழ 100 டாலர்; ஆனால் அது வெறும் இணைப்புப் பலகை என்பதால், இணைக்க வேண்டிய பொத்தான்களும் குச்சிகளும் தனிச்செலவு. லாஜிடெக் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த பொத்தான் தொகுப்புக்கு இன்னொரு 100 டாலர் ஆயிற்று. தனியாக வாங்கும் சிறப்புப் பொத்தான்களோடு ஒப்பிட்டால் அதுவும் மலிவே.

இப்படிக் கதவைத் திறந்துவைத்த அதே நிறுவனம், 2023 அக்டோபர் இறுதியில், ஒப்புதலற்ற துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸ் இனி ஏற்காது என்ற எச்சரிக்கையை ஆட்டக்காரர்களின் திரைகளில் காட்டத் தொடங்கியது. இரண்டு வாரத் தவணை முடிந்ததும், நவம்பர் 12 முதல், அக்கருவிகள் செயலிழக்கும் என்பது ஏற்பாடு. ஆட்டத்தின் தரத்தையும் பாதுகாப்பையும் காப்பதற்காகவே என்று காரணம் சொல்லப்பட்டது. க்ரோனஸ் போன்ற பெட்டிகளோடு சேர்ந்து, ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோலரை இன்னொன்றின் கன்சோலில் பொருத்தும் சாதாரண அடாப்டர்களும் அடிபட்டன. சண்டை விளையாட்டுக்காரர்கள் தங்கள் பழைய ஆர்கேட் பலகைகள் வீணாவதாக முணுமுணுத்தார்கள் என்றால், மாற்றுத்திறனாளிகளின் இழப்பு வேறு வகையானது: தங்கள் உடலுக்குப் பொருந்தும் ஒரே அமைப்பைப் பல ஆண்டுகளாகத் தேடித் திரட்டியிருந்தவர்களுக்கு, கடையில் கிடைக்கும் மாற்று எதுவும் மாற்றே அல்ல. அடாப்டிவ் கன்ட்ரோலர் இருக்கிறதே என்ற பதில், எல்லா ஊனங்களுக்கும் ஒரே சாதனம் போதும் என்ற எண்ணத்திலிருந்து வருவது. அக்கருவியை உருவாக்கியபோது அந்நிறுவனமே கைவிட்டிருந்த எண்ணம் அது.

சோனியும் 2023 டிசம்பரில் ஆக்ஸஸ் கன்ட்ரோலர் என்ற தன் கருவியை 90 டாலர் விலையில் கொண்டுவந்தது. பிளேஸ்டேஷன் 5க்கான விளையாட்டுகளில் பிளேஸ்டேஷன் 4இன் வழக்கமான கன்ட்ரோலர் இயங்காது என்று 2020இலேயே விதித்திருந்ததால், பழைய கன்ட்ரோலரை அறுத்து ஒட்டித் தமக்கேற்ப மாற்றி வைத்திருந்தோர் மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

ஆட்டத்தின் சாரம் எது

நிறுவனங்கள் எடுத்த நிலைகளுள் சிந்தனைக்கு உரியது, 'டெஸ்டினி 2' விளையாட்டை நடத்தும் பஞ்சி நிறுவனம் 2023இல் சொன்னது. வடிவமைப்பாளர்கள் எண்ணிய அனுபவத்தை ஒருவர் அடைவதற்குத் துணைபுரியும் வெளிக்கருவி குற்றமல்ல. எல்லா ஆட்டக்காரர்களும் சந்திக்கும் சவாலை எளிதாக்கிப் பிறரைவிட மேலோங்குவதற்காக அதைப் பயன்படுத்துவதே குற்றம் என்று அது கோடு கிழித்தது. ஆட்டத்தில் எந்தக் கடினம் ஆட்டத்துக்கே உரியது, எந்தக் கடினம் தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

அந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் கணினியோடு தொடர்பே இல்லாத ஒரு வழக்கில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. காலில் இரத்த ஓட்டம் சீராக இல்லாத பிறவி நோயால் நடப்பதே வேதனையாக இருந்த கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின், போட்டிகளில் சிறு வண்டியில் செல்ல இசைவு கேட்டார். வீரர்கள் அனைவரும் நடக்க வேண்டும் என்ற விதியை மாற்றினால் ஆட்டத்தின் இயல்பே கெடும் என்று தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் மறுத்தது. 2001இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் மார்ட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. கோல்ஃபின் சாரம் பந்தை அடிப்பதில் இருக்கிறது, நடப்பதில் அல்ல என்பதும், வண்டியில் சென்றும்கூட மார்ட்டின் அடையும் களைப்பு நடந்து செல்லும் பிற வீரர்களுடையதைவிட அதிகம் என்பதும் தீர்ப்பின் அடிப்படைகள். விளையாட்டின் விதிகள் எல்லாமே ஒருவகையில் செயற்கையானவை, அவற்றுள் எது சாரம் என்று நீதிபதிகள் சொல்ல முற்படுவது வீண் என்று நீதிபதி ஸ்கலியா எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல.

இணைய விளையாட்டுகளுக்கு இதைப் பொருத்தினால் சில முடிவுகள் உடனே கிடைக்கின்றன. ரீகாயிலை அடக்குவது சுடும் ஆட்டத்தின் சாரம். அதை நிரலிடம் ஒப்படைப்பதை யார் செய்தாலும் எதிராளி ஏற்கமாட்டார். பொத்தானை விரலால் அழுத்துவதா உதட்டால் அழுத்துவதா என்பது சாரமல்ல. சிக்கல் இவ்விரண்டுக்கும் நடுவில்தான். கதவைத் திறக்கப் பொத்தானை வேகமாகப் பத்துமுறை அழுத்தச் சொல்லும் ஆட்டத்தில், ஒரே அழுத்தலைப் பத்தாக்கும் நிரல் எந்தப் பக்கம் சேரும்? 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' விளையாட்டில் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் எடுத்த முடிவு இந்த நடுநிலத்தைப் பற்றியதே. எதிரெதிர்த் திசை விசைகளுக்கு இடையே தானாகவே மாறிக்கொள்ளும் புதுவகை விசைப்பலகைகள், நின்று சுடும் நுட்பத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுவதாகக் கருதி, அவற்றின் பயன்பாட்டைக் கண்டறிந்தால் ஆட்டக்காரரை ஆட்டத்திலிருந்து நீக்கத் தொடங்கியது. கூடவே, ஒரே விசையில் பல நகர்வுகளைக் கட்டிவைக்கும் பழைய வழக்கத்தையும் தன் சேவையகங்களில் முடக்கியது. போட்டியின் கண்ணோட்டத்தில் இது நியாயமான முடிவு. விசைகளைத் தொகுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆடுகிறவருக்கு அந்த நியாயம் வேறு விதமாகத் தெரியும்.

பஞ்சியின் கோடு அறிவுக்குப் பொருந்துகிறது, ஆனால் அது ஓடுவது ஆட்டக்காரரின் நோக்கத்துக்குள். மென்பொருள் காவலுக்கு எட்டுவது நோக்கமல்ல, குறிப்புகள். ஆகவே விதிவிலக்கு வேண்டுபவர் தம் தேவையை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். தடை விழுந்தபின் மேல்முறையீட்டுப் படிவத்தில் தம் நோயை ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கு விவரித்து எழுதுவது, எந்தக் கடையிலும் எந்தத் திரையரங்கிலும் ஒருவரிடம் கேட்கப்படாத விலை. மருத்துவச் சான்றை நிறுவனங்கள் கேட்கத் தொடங்கினால் போலிச் சான்றுகள் பெருகும். கேட்காவிட்டால் ஏமாற்றுவோர் எல்லோரும் அந்த வாசலில் வரிசை கட்டுவார்கள். விதிவிலக்கு என்ற வழியே இங்கே முட்டுச்சந்து.

எல்லோருக்கும் திறந்திருப்பவை

இந்த முட்டுச்சந்தைச் சுற்றிச் செல்லும் வழியைச் சில விளையாட்டுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன: வேண்டிய உதவியை வெளிக்கருவியிடம் விடாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்து, யாரையும் எதையும் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. ரயட் நிறுவனத்தின் 'வாலரண்ட்' 2020இல் வெளிவந்தபோது, எதிரிகளைச் சுற்றித் தெரியும் சிவப்புக் கோட்டை மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாற்றிக்கொள்ளும் வசதி, நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைக்கப்பட்டது. பிசகில்லாத பார்வை கொண்ட ஆட்டக்காரர்களும் அது தெளிவாகத் தெரிகிறது என்று மாற்றிக்கொண்டார்கள், யாருக்கும் அதில் முறையீடு இல்லை. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் காலடிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் எத்திசையிலிருந்து வருகின்றன என்பதைத் திரையில் குறியீடுகளாகக் காட்டும் வசதி காதுகேளாதோருக்கானது. கேட்பவர்களும் பெருவாரியாக அதை இயக்கி ஆடுகிறார்கள். பிறருக்கு அநீதி என்று எழுந்திருக்கக்கூடிய சண்டை, உதவி பொதுவானதும் எழவே இல்லை.

குரல் அரட்டையைப் பற்றியும் இதையே சொல்லலாம். அணியாக ஆடும் விளையாட்டுகளில் மைக் இல்லாதவரைச் சக ஆட்டக்காரர்களே வாக்களித்து வெளியேற்றுவதும் வசைபாடுவதும் உண்டு. காது கேளாதவரும் பேச்சு தடைப்படுபவரும் பெண்களும் அங்கே ஒருசேர ஒதுங்கிப்போவது தற்செயலல்ல. 2019 பிப்ரவரியில் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்', ஒரு பொத்தானை அழுத்தி இடத்தையோ எதிரியையோ பொருளையோ சுட்டிக்காட்டினால் அது அணியினருக்குக் குரலாகவும் குறியாகவும் சென்று சேரும் பிங் முறையைச் செம்மைப்படுத்தியது. அதன் காப்புரிமை கொண்ட ஈஏ நிறுவனம் 2021இல், அணுகல் தொடர்பான வேறு சில காப்புரிமைகளோடு அதையும் போட்டி நிறுவனங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2023இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6', எதிராளி எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதையும் பிறவற்றையும் ஒலியால் உணர்த்தும் அமைப்புகளைத் தந்ததால் பார்வையற்றோர் பார்வையுள்ளோரோடு நேருக்கு நேர் மோத முடிகிறது.

ஆனால் இந்த வழிக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அது காலம். தனியாக ஆடும் விளையாட்டில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம், மீண்டும் தொடங்கலாம். 60க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு 2020இல் வந்து பாராட்டுப் பெற்ற 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' அத்தகைய விளையாட்டு. பலர் ஆடும் ஆட்டத்தில் கடிகாரம் எல்லோருக்கும் பொது. ஒருவருக்காக அதை மெதுவாக்கினால் எதிரில் நிற்பவருடையதும் மெதுவாகும். நிறமும் ஒலியும் குறியும் கொடுத்துத் தீர்க்க முடிந்த தடைகள் இணைய விளையாட்டுகளில் வேகமாகத் தீர்ந்துவருவதும், அசைவின் வேகம் சார்ந்த தடைகள் அப்படியே நிற்பதும் இதனால்தான்.

2004 முதல் நடந்துவரும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்த எல்லையோடு நேரடியாக மல்லுக்கட்டுகிறது. ஆட்டக்காரர்களே எழுதிச் சேர்க்கும் ஆடான் எனப்படும் துணை நிரல்களை அது தொடக்கத்திலிருந்தே அனுமதித்தது. திரையில் நடப்பதை ஒலியாக மாற்றும் துணை நிரல்களின் பலத்தில் பார்வையற்றோர் அதில் பல்லாண்டுகளாக ஆடுகிறார்கள். 2025இல் பிளிஸார்ட் நிறுவனம், எந்தத் தாக்குதலை அடுத்து ஏவ வேண்டும் என்பதை ஆட்டமே தேர்ந்தெடுக்க, ஆட்டக்காரர் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் போதும் என்ற உதவியை உள்ளேயே சேர்த்தது. அதைப் பயன்படுத்துவோருக்கு அடுத்தடுத்த தாக்குதல்களுக்கு இடையிலான காத்திருப்பு ஒரு விநாடியின் சிறு பகுதி நீள்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உச்சத்தில் போட்டியிட அது உதவாது என்ற இந்த ஏற்பாடு, யாரிடமும் சான்று கேட்காமல் சிக்கலைத் தீர்க்கும் நல்ல தந்திரம். மாற்றுத்திறனாளி எப்போதும் ஒரு படி கீழேயே நிற்க வேண்டும் என்பதும் அதன் பொருள்தான்.

அதே ஆண்டு பிளிஸார்ட், 'மிட்நைட்' என்ற அடுத்த பதிப்பில், சண்டையின்போது துணை நிரல்கள் அறியக்கூடியவற்றைக் கடுமையாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நிரல்கள் ஆட்டக்காரருக்குப் பதிலாகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டன என்பது அதற்கான காரணம், அதை மறுப்பதும் கடினம். பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கோ அந்த நிரல்களே கண்கள் என்பதால், சண்டையின் நிலையை வாசித்துச் சொல்லும் ஒலி அறிவிப்புகளை ஆட்டத்துக்குள்ளேயே சேர்ப்பதாகவும் நிறுவனம் சொன்னது. ரசிகர்கள் தம் ஓய்வு நேரத்தில் எழுதிக் காத்துவந்ததை நிறுவனம் தன் பொறுப்பாக ஏற்பது நல்லதே. ஆனால் அந்நிறுவனத்தின் சீட்டாட்டமான 'ஹார்த்ஸ்டோன்' பார்வையற்றோருக்கு எட்டுவது இன்றளவும் ரசிகர்கள் உருவாக்கிய 'ஹார்த்ஸ்டோன் ஆக்ஸஸ்' என்ற நிரலால்தான். ஆட்டம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த நிரலையும் புதுப்பிக்க யாராவது முன்வர வேண்டியிருக்கிறது.

சட்டம் நிற்கும் இடம்

சட்டம் இதுவரை தொட்டிருப்பது ஓரங்களை மட்டுமே. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட தகவல்தொடர்பு, காணொளி அணுகல் சட்டம், விளையாட்டுகளுக்குள் உள்ள குரல், எழுத்து அரட்டைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்று விதித்தபோதிலும், தொழிலின் வேண்டுகோளால் தள்ளிப்போடப்பட்டு, 2018 டிசம்பர் 31க்குப் பின்னரே விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது; பேச்சை எழுத்தாக்கும் வசதிகள் அதன்பின் பரவலாயின. ஆனால் அச்சட்டம் உரையாடலை மட்டும் பேசுகிறது, ஆட்டத்தை அல்ல. பார்வைக் குறைபாடுள்ள ஓர் ஆட்டக்காரர் 2009இல் சோனியின் மீது தொடுத்த வழக்கு, மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேறொரு சட்டம் குறிக்கும் பொது இடம் என்ற வரையறைக்குள் விளையாட்டுகள் வரா என்று கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. மார்ட்டினுக்குக் கைகொடுத்த அதே சட்டம், புல்வெளிக்குப் பொருந்தியது, சேவையகத்துக்குப் பொருந்தவில்லை.

எஞ்சியிருப்பது நிறுவனங்களின் சுயமுயற்சி. 2025 மார்ச்சில் அமெரிக்க விளையாட்டுத் தொழிலின் கூட்டமைப்பு, ஈஏ, கூகுள், மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ, யூபிசாஃப்ட் ஆகியவற்றின் பங்கேற்போடு, வாங்குவதற்கு முன்பே ஒரு விளையாட்டின் அணுகல் வசதிகளை அறிந்துகொள்ள உதவும் 24 பொதுக் குறிச்சொற்களை வெளியிட்டது. எழுத்து பெரிதாகத் தெரியுமா, பொத்தான்களை மாற்றியமைக்க முடியுமா, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்காமல் ஆட முடியுமா, வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்தாமல் ஆட முடியுமா என்பவற்றுக்கு அவற்றில் விடை உண்டு. நடுவில் ஓர் அடாப்டரோ குரல்கட்டளை மென்பொருளோ இருந்தால் அந்த விளையாட்டின் காவல் அதை ஏற்குமா என்பதற்கு 24இல் ஒன்றும் இல்லை. அதை இப்போதைக்குப் பணம் கொடுத்து வாங்கி, ஆடிப் பார்த்து, தடை விழுகிறதா என்று கண்டுதான் அறிய முடியும்.